ஆமைக்கு என்ன ஆச்சு? அறிகுறியைப் பார்த்துக் காரணம் தேடும் வழி

ஆமை புகுந்த வீடும் அமீனா புகுந்த வீடும் உருப்படாது என்று என் பாட்டி கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தார். எங்கள் வீட்டில் ஆமை புகுந்து 14 வருஷம் ஆகிறது. வீடு அப்படியேதான் இருக்கிறது, கரண்ட் பில்தான் ஏறியிருக்கிறது.

வாங்கும்போது அது பத்து ரூபாய் நாணயத்தைவிடக் கொஞ்சம் பெரிசு. கைப்பிடி வைத்த பிளாஸ்டிக் டப்பா, நடுவில் பிளாஸ்டிக் தென்னை மரம், கூடவே ஒரு பாக்கெட் காய்ந்த இறால். "இதுக்கு மேல வளராது சார்" என்றார் கடைக்காரர். இன்று அதன் ஓடு மட்டும் 25 சென்டிமீட்டர். கீழே வரப்போகிற வியாதிகளில் பாதி அந்த ஒரு வரிப் பொய்யிலிருந்து பிறப்பவை. வளராது என்று நம்பினால் தொட்டி சின்னதாகவே இருக்கும், விளக்கு வாங்க மாட்டோம், தினமும் இறாலையே போடுவோம்.

நான் கால்நடை மருத்துவர் இல்லை. எதை வீட்டில் சரிசெய்யலாம், எதற்குத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டும் என்று பட்டுத் தெரிந்துகொண்டவன், அவ்வளவுதான். ஆமை நோயை மறைக்கும் பிராணி. கண்ணுக்குத் தெரிகிற அளவுக்கு வந்துவிட்டால் கோளாறு தொடங்கிப் பல வாரம், சில நேரம் பல மாதம் ஆகியிருக்கும். அதனால் "நேத்துகூட நல்லா இருந்துச்சே" என்பதைக் கணக்கில் எடுக்க வேண்டாம்.

முதலில்: வீட்டில் இருப்பது எந்த ஆமை?

ஒரே அறிகுறிக்கு ஆமைக்கு ஆமை அர்த்தம் மாறும். கண்ணுக்குப் பின்னால் சிவப்புப் பட்டை, பச்சை ஓடு, விரல்களுக்கிடையே சவ்வு என்றால் ரெட் இயர்ட் ஸ்லைடர். அமெரிக்காவின் மிசிசிப்பி ஆற்றுப் படுகையைச் சேர்ந்தது. நம்மூரில் வீட்டில் வளரும் தண்ணீர் ஆமை பெரும்பாலும் இதுதான். யானைக்கால் போலத் தூண் கால்கள், மேடான ஓடு, தண்ணீரில் விட்டால் மூழ்கும் என்றால் அது நில ஆமை. தயவுசெய்து விட்டுப் பார்த்துச் சோதிக்காதீர்கள். நில ஆமையில் இங்கே அதிகம் கண்ணில் படுவது சல்கேட்டா, சஹாரா பாலைவனத்தின் தென்விளிம்பில் வாழும் இனம். கையளவு குட்டியாக வாங்கியது 40 கிலோவைத் தாண்டும். அடுத்து, தென் அமெரிக்க ரெட் ஃபுட்டட், மத்திய ஆசியாவின் ரஷ்யன்.

கறுப்பு ஓட்டில் மஞ்சள் நட்சத்திரக் கோலம் போட்டிருந்தால் அது நம்மூர் நட்சத்திர ஆமை. கிணற்றிலோ ஏரிக்கரையிலோ கிடைத்த மென்தோல் ஓட்டுப் பாலாமையும் நம்முடையது. இரண்டும் 1972-ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கின்றன. வைத்திருப்பதே குற்றம், தண்டனை 3 முதல் 7 ஆண்டு வரை சிறை. "ராசிக்கு வாங்கினோம்" என்பது நீதிமன்றத்தில் எடுபடாது. வனத்துறையிடம் ஒப்படைப்பதுதான் வழி. சல்கேட்டா, ரெட் ஃபுட்டட், ரஷ்யன் மூன்றும் சைட்டிஸ் (அருகிவரும் உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் ஒப்பந்தம்) பட்டியலில் வருவதால் 2024-இல் வந்த விதிகளின்படி மத்தியச் சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் பரிவேஷ் இணையதளத்தில் பதிய வேண்டும்.

அறிகுறிக்குள் போகும் முன் நான்கு கேள்வி

யார் போன் செய்தாலும் இந்த நாலைத்தான் முதலில் கேட்பேன். தண்ணீர் எத்தனை டிகிரி? ஏறி உட்காரும் இடம் எத்தனை டிகிரி? யூவிபி விளக்கு, அதாவது வெயிலில் இருக்கும் புற ஊதாக் கதிரைத் தரும் விளக்கு, வாங்கி எத்தனை மாதம்? போன மாதம் முழுக்க என்ன சாப்பிட்டது?

பெரும்பாலும் நாலுக்கும் பதில் வராது. "தண்ணி ஜில்லுனு இல்ல" என்பது அளவு ஆகாது. மீன் தொட்டிக்கான தெர்மாமீட்டர் நூறு, நூற்றைம்பது ரூபாய்க்குக் கிடைக்கும், மருந்துக்கு முன் அதை வாங்குங்கள். ஸ்லைடருக்குத் தண்ணீர் 24 முதல் 28 டிகிரி, குட்டி என்றால் 26-க்குக் குறையக் கூடாது. காய்கிற மேடை 32 முதல் 35. சல்கேட்டாவுக்கு வெயில் காயும் மூலை 35-க்கு மேலேயே இருக்கலாம், ஆனால் அதே கூண்டில் குளிர்ந்த நிழல் மூலையும் வேண்டும். ஆமை தன் உடம்பின் சூட்டைத் தானே உண்டாக்கிக்கொள்ளாது, இடம் மாறித்தான் சரிசெய்யும். மாற இடம் இல்லையென்றால் செரிமானம், எதிர்ப்புச் சக்தி எல்லாம் படுத்துவிடும்.

யூவிபி விளக்கில் ஒரு தந்திரம் இருக்கிறது. அது எரிந்துகொண்டே இருக்கும், ஆனால் உள்ளே இருக்கும் யூவிபி 6 முதல் 12 மாதத்தில் தீர்ந்துபோகும். நம் கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது. வாங்கிய தேதியை மார்க்கர் பேனாவால் விளக்கின் அடிப்பாகத்தில் எழுதிவையுங்கள். ஜன்னல் கண்ணாடி வழியே வரும் வெயிலும் உதவாது, கண்ணாடி யூவிபியை விடாது. சாதாரண எல்இடி பல்பில் அது கிடையவே கிடையாது.

மொட்டை மாடி வெயில் இலவச மருந்துதான். காலை 9 மணிக்குள், அரை மணி நேரம், பாதித் தொட்டிக்கு நிழல் போட்டு, பக்கத்தில் ஆள் உட்கார்ந்து. கொஞ்சம் தண்ணீர் ஊற்றிய பிளாஸ்டிக் பேசினில் போட்டுவிட்டுக் குளிக்கப் போனால் திரும்பி வரும்போது ஆமை வெந்திருக்கும். இது உவமை இல்லை. வெயில் விட்டுவைத்தாலும் காக்கை விடாது.

சாப்பிட மாட்டேன் என்கிறது

புதிதாக வந்ததா? ஒரு வாரம் விட்டுவிடுங்கள். தொட்டியைச் சுற்றி நின்று எட்டிப் பார்ப்பதை முதலில் நிறுத்துங்கள். ஸ்லைடர் தண்ணீருக்குள்தான் விழுங்கும், வெளியே தட்டில் வைத்துவிட்டுச் சாப்பிடவில்லை என்று வருத்தப்படுபவர்கள் உண்டு.

பழைய ஆமை திடீரென நிறுத்தியதா? தெர்மாமீட்டரைப் பாருங்கள். மார்கழியிலும் தையிலும் வரும் அழைப்புகளில் பாதிக்கு மேல் இதுதான். ஏசி ஓடும் அறையில் தொட்டி இருந்தால் சித்திரையிலும் மார்கழிதான். 22 டிகிரிக்குக் கீழே ஸ்லைடரின் வயிறு மந்தமாகிவிடும், அந்த நேரத்தில் வற்புறுத்தி ஊட்டினால் சாப்பாடு உள்ளேயே கெடும். ஹீட்டர் போட்டு இரண்டு நாளில் 27-க்குக் கொண்டுவாருங்கள், பெரும்பாலும் மூன்றாம் நாள் வாயைத் திறக்கும். தண்ணீர் மாற்றும் முன் ஹீட்டரை அணைக்க மறக்காதீர்கள். காற்றில் சுட்டுக் கிடக்கும் கண்ணாடிக் குழாயின் மேல் தண்ணீர் பட்டால் வெடிக்கும். பெரிய ஆமைகள் ஹீட்டரை மோதியே உடைக்கும், பிளாஸ்டிக் காப்பு உறை போடுங்கள்.

"குளிர்காலத் தூக்கம் போல, அதான் சாப்பிடல" என்று பலர் தாமாகவே முடிவுகட்டிவிடுகிறார்கள். சல்கேட்டா, ரெட் ஃபுட்டட் இரண்டும் அப்படித் தூங்கும் இனமே இல்லை. ரஷ்யன் தூங்கும். ஸ்லைடர் தன் ஊரின் உறைபனியில் தூங்கும், நம் வீட்டில் அதற்கு அவசியம் இல்லை. நம் ஊர்க் குளிர் தூங்கவைக்கும் அளவுக்கும் பற்றாது, சாப்பிடவைக்கும் அளவுக்கும் பற்றாது. நடுவில் மாட்டிக்கொண்டு ஆமை மெலியும்.

சூடு சரியாக இருக்கிறது, இன்னும் சாப்பிடவில்லை என்றால் தொட்டியின் அடியைப் பாருங்கள். கூழாங்கல் பரப்பியிருக்கிறீர்களா? போன வாரத்தைவிடக் குறைந்திருக்கிறதா? ஆமை கல்லை விழுங்கும். எக்ஸ்ரேயில் மட்டுமே தெரியும். ஒன்று, அடித்தளத்தைக் காலியாக விடுங்கள், அல்லது ஆமையின் தலையைவிடப் பெரிய கல்லாகப் போடுங்கள். வளர்ந்த ஆமை ஒரு வாரம், பத்து நாள் பட்டினி தாங்கும். குட்டி மூன்று நான்கு நாளைத் தாண்டினால் மருத்துவர்.

கண் வீங்கி மூடிக்கிடக்கிறது

இதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாக, ஏனென்றால் தவறான வைத்தியம் அதிகம் நடப்பது இங்கேதான்.

இரண்டு கண்ணும் ஒரே மாதிரி புடைத்திருக்கிறதா, ஒரு கண் மட்டுமா? ஒன்று மட்டும் என்றால் அடிபட்டிருக்கலாம், கடி, தூசி, ஏதாவது குத்தியிருக்கலாம். இரண்டும் என்றால் எனக்கு முதல் சந்தேகம் சாப்பாடு, அதிலும் விட்டமின் ஏ. காய்ந்த இறால் பாக்கெட்டில் அது கிட்டத்தட்ட இல்லை. விட்டமின் ஏ குறைந்தால் கண்ணைச் சுற்றியுள்ள சுரப்பிகளின் உள்தோல் தடித்து, உதிர்ந்த செல்கள் அடைத்துக்கொண்டு இமை வீங்கும். பார்வை போனால் இரை தெரியாது, இரை தெரியாவிட்டால் சாப்பிடாது, சாப்பிடாவிட்டால் குறைபாடு கூடும். இந்தச் சுழலில்தான் குட்டிகள் சாகின்றன.

அடுத்த சந்தேகம் தண்ணீர். வடிகட்டி இல்லாத தொட்டியில் அமோனியா ஏறிக் கண்ணை எரிக்கும். குழாய்த் தண்ணீரின் குளோரினும் உறுத்தும், வாளியில் பிடித்து ஒரு நாள் திறந்துவைத்து ஊற்றுங்கள்.

வீட்டில் செய்யக்கூடியது: தண்ணீரை மாற்றி 28 டிகிரிக்கு உயர்த்துங்கள். வெதுவெதுப்பான சலைனில் (மருந்துக் கடை உப்புநீர்) நனைத்த பஞ்சால் இமையை மெல்ல ஒற்றுங்கள், பிதுக்கவோ சுரண்டவோ வேண்டாம். தரமான துகள் உணவுக்கு மாறுங்கள். முருங்கை இலை, துருவிய கேரட், பரங்கிக்காய் கொஞ்சம் கொஞ்சமாகக் காட்டுங்கள். கண் தெரியாத ஆமைக்கு வாசனைதான் வழிகாட்டி. துகளை மீன் கழுவிய நீரில் ஒரு நிமிடம் ஊறவைத்து மூக்கருகே கொண்டுபோனால் சில நேரம் கவ்வும்.

செய்யக் கூடாதது: அலமாரியில் மிச்சமிருக்கும் கண் சொட்டு மருந்து. பலவற்றில் ஸ்டீராய்டு இருக்கும், அது தொற்றைத் தூண்டிவிடும். விட்டமின் ஏ ஊசியை நீங்களாகக் கேட்டு வாங்கிப் போடவும் கூடாது. அளவு கூடினால் தோல் உரிந்து வரும். அளவு அந்த ஆமையின் எடையைப் பொறுத்தது, அது மருத்துவர் கணக்கு. ஐந்து நாளில் இமை தணியவில்லை என்றால் போய்விடுங்கள்.

கன்னத்தில் உருண்டை

கண்ணுக்குப் பின்னால், கன்னத்தில் கோலிக்குண்டு வைத்ததுபோல் புடைப்பு. ஆமைக்கு வெளிக்காது இல்லை, அந்த இடத்தில்தான் செவிச்சவ்வு. உள்ளே சீழ்.

நமக்கு வரும் கட்டிபோல் இது உடைந்து ஒழுகாது. ஊர்வனவற்றின் சீழ் கெட்டி. எங்கள் ஆமைக்கு ஆறாவது வருஷம் இது வந்தது. மருத்துவர் மயக்கம் கொடுத்துச் சின்னதாகக் கீறி, இடுக்கியால் ஒன்றை உருவி வெளியே எடுத்துக் கையுறையில் வைத்துக் காட்டினார். கொண்டைக்கடலை அளவு, வெளிர் மஞ்சள், பழைய பனீர்த் துண்டு போல ஓரம் உதிர்ந்தது. "இது எப்படி சார் ஆன்டிபயாட்டிக்ல கரையும்?" என்றார். அதற்கு முன் இரண்டு வாரம் நான் மருந்து கொடுத்துக் காத்திருந்ததற்கான பதில் அது. சுடுநீர் ஒத்தடம், மஞ்சள் பத்து எதுவும் பயன்படாது. கீறி எடுக்க வேண்டியதுதான், எடுத்தபின் சாப்பாட்டையும் தண்ணீரையும் சரிசெய்யாவிட்டால் மறு காதிலும் வரும்.

ஒரு பக்கமாகச் சாய்ந்து மிதக்கிறது, மூக்கில் குமிழி

மருத்துவரிடம் இன்றே போக வேண்டிய அறிகுறி எது என்று கேட்டால் நான் காட்டுவது இதை. ஆமைக்கு நமக்கு இருப்பதுபோல் உதரவிதானம், அதாவது நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் நடுவே மூச்சுக்கு உதவும் தசை, கிடையாது. இருமிச் சளியை வெளியே தள்ள முடியாது. உள்ளே சேர்ந்தது சேர்ந்ததுதான். ஒரு நுரையீரலில் சளி கட்டினால் அந்தப் பக்கம் கனத்து ஆமை தராசுத் தட்டு போலச் சாயும். கூடவே வாயைத் திறந்து கழுத்தை நீட்டி மூச்சு வாங்குவது, மூக்கில் நுரை, விசில் போன்ற ஒலி, எப்போதும் மேடையிலேயே கிடப்பது.

சாய்வு ஒன்றை மட்டும் வைத்து முடிவுகட்ட வேண்டாம், வயிற்றில் வாயு சேர்ந்தாலும் சாயும். பரபரப்பாக நீந்துகிறது, நன்றாகச் சாப்பிடுகிறது, மூக்கு சுத்தமாக இருக்கிறது என்றால் ஒரு நாள் பார்க்கலாம். சோர்வும் சேர்ந்திருந்தால் காத்திருக்காதீர்கள்.

போகும்வரை தண்ணீரை 28, 29 டிகிரிக்கு ஏற்றுங்கள், ஆழத்தைக் குறையுங்கள், நின்றபடியே தலையை வெளியே நீட்ட முடிய வேண்டும். பலவீனமான ஆமை தண்ணீரில் மூழ்கிச் சாகும், தண்ணீர் ஆமையானாலும்தான். யூகலிப்டஸ் தைலம், ஆவி பிடிப்பது எல்லாம் நம் குழந்தைகளோடு நிற்கட்டும். அழைத்துப் போகும்போது வாளித் தண்ணீரில் கொண்டுபோகாதீர்கள். காற்றோட்டம் உள்ள டப்பாவில் ஈரத் துண்டு விரித்தால் போதும்.

ஊசியை மருத்துவர் முன்கால் பக்கம் போடுவதைக் கவனிப்பீர்கள். பின்பாதி ரத்தம் இதயத்துக்குப் போகும் முன் சிறுநீரகத்தைத் தொட்டுப் போகக்கூடிய அமைப்பு ஊர்வனவற்றுக்கு உண்டு. மருந்து வீணாகாமல், சிறுநீரகம் கெடாமல் இருக்க அந்த ஏற்பாடு. ஊசி நாலைந்தோடு முடியாது, வாரக்கணக்கில் போகும். நடுவில் "தெளிஞ்சிடுச்சே" என்று நிறுத்தியவர்கள் திரும்பவும் வந்திருக்கிறார்கள்.

ஓட்டில் ஏதோ மாற்றம்

ஓடு என்பது ஒரு தனிச் சட்டை இல்லை. முதுகெலும்பும் விலாவும் அதோடு ஒட்டியவை. ரத்தம் ஓடும், தொட்டால் உணரும். ஆகவே ஓட்டில் துளை போட்டுக் கயிறு கட்டுவது, பெயின்ட் அடிப்பது இரண்டும் வன்கொடுமை.

மெல்லிய, கண்ணாடித்தாள் போன்ற தகடு உரிந்து வருகிறது, அடியில் புது ஓடு பளபளவென்று, கடினமாக, வாடையில்லாமல் இருக்கிறது என்றால் அது ஸ்லைடர் வளர்வதன் அடையாளம். பிய்க்காதீர்கள். சல்கேட்டாவுக்கு இப்படி உரியக் கூடாது.

வெள்ளைத் திட்டு தெரிகிறது. நனைத்துப் பாருங்கள். நனைந்தால் மறைந்து, காய்ந்தால் திரும்பி வந்தால் அது போர்த் தண்ணீரின் உப்பு. சென்னையில் பாதி ஆமைகளுக்கு இது உண்டு, பக்கெட்டின் விளிம்பில் படிகிறதே, அதேதான். நனைத்தும் பஞ்சுபோல் நிற்கிறது, தோலிலும் இருக்கிறது என்றால் பூஞ்சை.

குழி, மெத்தென்ற இடம், நகத்தால் தொட்டால் உதிர்வது, முக்கியமாக நாற்றம் இருந்தால் ஓடு அழுகுகிறது. ஆமையைத் திருப்பி அடிவயிற்று ஓட்டையும் பாருங்கள், அங்கேதான் முதலில் தொடங்கும். அழுக்குத் தண்ணீரும், முழுதாகக் காய இடம் இல்லாததும்தான் காரணம். மேலோட்டமாக இருந்தால்: மென்மையான பல்துலக்கும் பிரஷ்ஷால் கழுவி, பொவிடோன் அயோடினைப் பால் சேர்க்காத டீ நிறத்துக்கு வரும்வரை தண்ணீர் விட்டு நீர்க்கச் செய்து தடவி, சூடான உலர்ந்த டப்பாவில் தினமும் சில மணி நேரம் வையுங்கள். பிறகு சுத்தமான தண்ணீரில் விட்டுச் சாப்பாடு. இரண்டு வாரம். தேங்காய் எண்ணெய் தடவாதீர்கள், அது ஈரத்தையும் கிருமியையும் உள்ளே மூடிவைக்கும். மஞ்சள் பூசினால் ஓடு முழுக்க மஞ்சளாகி, புண் ஆறுகிறதா பரவுகிறதா என்பதே தெரியாது. அடி ஓடு ரத்தச் சிவப்பாகத் திட்டுத் திட்டாக இருந்தால் தொற்று ரத்தத்தில் கலந்திருக்கலாம். அயோடின் வேலை அங்கே முடிந்தது, மருத்துவர் வேலை தொடங்குகிறது.

ஓடு முழுக்கவே ரப்பர் போல அமுங்குகிறதா? முட்டையிலிருந்து வந்து சில வாரமே ஆன குட்டிக்குக் கொஞ்சம் நெகிழ்வு இயல்பு. ஐந்தாறு மாதமாகியும் அமுங்கினால் எலும்பு நோய். கால்சியம் இல்லை, அல்லது கால்சியத்தை உடம்பில் ஏற்ற யூவிபி இல்லை. பெரும்பாலும் இரண்டும். கால்சியத்துக்கு வெளிநாட்டு டப்பா தேடி அலைய வேண்டாம். நாட்டு மருந்துக் கடையில் கடல் நுரை என்று கேளுங்கள், கணவாய் ஓட்டைக் கொடுப்பார்கள். முதுகுப் பக்கத்துக் கெட்டித் தகட்டைப் பெயர்த்துவிட்டு வெள்ளைப் பகுதியைத் தொட்டியில் மிதக்கவிடுங்கள், வேண்டும்போது கடித்துக்கொள்ளும். நில ஆமைக்குச் சுரண்டிக் கீரையில் தூவலாம். வளைந்த ஓடு நிமிராது, அடுத்து வளர்வதாவது நேராக வளரும்.

நில ஆமையின் ஓடு கூம்பு கூம்பாக எழும்புகிறதா? நட்சத்திர ஆமைக்கு அது பிறவி அழகு, சல்கேட்டாவுக்குக் கோளாறு. புரதம் அதிகம் கொடுத்ததால் என்றுதான் நெடுங்காலம் சொல்லிக்கொண்டிருந்தார்கள். 2003-இல் சல்கேட்டாக் குட்டிகளை வைத்து நடந்த ஆய்வு, புரதத்தைவிடக் காற்றின் ஈரப்பதம்தான் பெரிய காரணம் என்று காட்டியது. பாலைவன இனத்துக்கு எதற்கு ஈரம் என்று கேட்கத் தோன்றும். அங்கேயும் அது வளைக்குள், ஈரமண்ணில்தான் நாளைக் கழிக்கிறது. குட்டிக்கு ஈரத் தேங்காய் நார்த்தூள் போட்ட மறைவிடம் ஒன்று வையுங்கள். சென்னைக்காரர்களுக்கு இதில் கடல் காற்று உதவி, ஏசி அறை எதிரி.

நில ஆமையின் சாப்பாடும் சிறுநீரும்

சல்கேட்டா வைத்திருக்கும் அக்கா ஒருவர் கேட்டார்: "தம்பி, சாதம், தோசை, தக்காளி எல்லாம் ஆசையா சாப்பிடுதுப்பா, கொடுக்கலாம்ல?" ஆசையாகச் சாப்பிடும், அதுதான் பிரச்சினை. அது புல் மேய்கிற பிராணி, ஆடு மாதிரி நினைத்துக்கொள்ளுங்கள். அருகம்புல் முக்கிய உணவு. செம்பருத்தி இலையும் பூவும், மல்பெரி இலை, முள் நீக்கிய சப்பாத்திக்கள்ளி எல்லாம் பிரமாதம். பாலக், முளைக்கீரை, பருப்புக்கீரையில் ஆக்ஸலேட் அதிகம், கால்சியத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும், என்றாவது ஒரு நாள் போதும். பழம் ரெட் ஃபுட்டட்டுக்கு உரியது, சல்கேட்டாவுக்கு வயிற்றுப்போக்கு.

சிறுநீரோடு வெள்ளையாகப் பற்பசை போல வருவது யூரேட், இயல்பு. அது விரலில் உரசினால் மணல்போல நெறநெறவென்றிருந்தால் உடம்பில் தண்ணீர் இல்லை. விட்டால் சிறுநீர்ப்பையில் கல்லாகிவிடும். தாடை உயரத்துக்குக் கீழே வெதுவெதுப்பான தண்ணீர் ஊற்றி 15, 20 நிமிடம் உட்காரவையுங்கள். குட்டிக்குத் தினமும், பெரியதற்கு வாரம் இரண்டு முறை. அதிலேயே குடிக்கும், அதிலேயே கழிக்கும்.

நிலைகொள்ளாமல் சுற்றுகிறது, பின்காலால் தோண்டுகிறது

பெண் ஆமையா? ஆண் துணையே இல்லாவிட்டாலும் கோழி போல முட்டை உருவாகும். எங்களுடையதை எட்டு வருஷம் ஆண் என்றே நினைத்திருந்தோம், பெயரும் முருகன். ஒரு பங்குனி மாதம் நாள் முழுக்கக் கண்ணாடியைப் பிறாண்டியது, சாப்பாட்டைத் தொடவில்லை. எக்ஸ்ரேயில் ஏழு முட்டை, பொரிவிளங்காய் உருண்டைகளை அடுக்கியதுபோல. பெயரை மாற்ற மனமில்லை.

ஆமை முழுதாக உள்ளே நின்று திரும்பும் அளவு பெட்டியில் ஓர் அடி ஆழத்துக்கு ஈர மணலும் தோட்ட மண்ணும் கலந்து நிரப்பி, ஆள் நடமாட்டமில்லாத இடத்தில் விடுங்கள். இடம் பிடிக்காவிட்டால் அடக்கிவைத்துக்கொள்ளும், தண்ணீரில் போடும், அல்லது உள்ளேயே சிக்கிக்கொள்ளும். இரண்டு மூன்று நாள் தோண்டியும் போடவில்லை, சோர்ந்துவிட்டது, பின்கால் இழுக்கிறது என்றால் எக்ஸ்ரே எடுக்க வேண்டும். வயிற்றை அமுக்கி வெளியே தள்ளும் வேலை வேண்டவே வேண்டாம், உள்ளே உடைந்தால் உயிருக்கு ஆபத்து.

பின்னாலிருந்து ஏதோ வெளியே வந்திருக்கிறது

கருநீலமாக, பெரிதாக, பூ விரிந்ததுபோல். பார்த்தவர்கள் குடல் சரிந்துவிட்டதென்று அலறுவார்கள். ஆண் ஆமையின் குறி அது, உடம்புக்குப் பொருத்தமில்லாத பெரிசு. சில நிமிடத்தில் உள்ளே போய்விட்டால் கண்டுகொள்ளாதீர்கள். அரை மணி, ஒரு மணி நேரமாகியும் போகவில்லை, அல்லது வெளிர்சிவப்பாகக் குழாய்போல் இருக்கிறது என்றால் அவசரம். மற்ற ஆமையும் மீனும் கடிக்காமல் தனியே எடுத்து, கெட்டியான சர்க்கரைத் தண்ணீரில் நனைத்த துணியால் மூடி ஈரமாக வையுங்கள், சர்க்கரை வீக்கத்தை வற்றவைக்கும். அப்படியே மருத்துவமனை. காய்ந்துவிட்டால் வெட்டி எடுக்க வேண்டிவரும்.

தண்ணீர் இரண்டே நாளில் நாறுகிறது

தொட்டி சின்னது. கணக்கு எளிது: ஓட்டு நீளத்தில் ஓர் அங்குலத்துக்கு 40 லிட்டர். ஆறு அங்குல ஆமைக்கு 240 லிட்டர். மீன் தொட்டி வடிகட்டி பற்றாது, தொட்டிக் கொள்ளளவைப்போல இரண்டு மூன்று மடங்குக்கானதை வாங்குங்கள். சாப்பாட்டையும் குறையுங்கள். ஒரு வேளைத் துகள் அதன் தலை அளவுக்கு இருந்தால் போதும், வளர்ந்ததற்கு ஒருநாள் விட்டு ஒருநாள். உங்களைப் பார்த்ததும் கண்ணாடியில் நீந்திக் கெஞ்சும். நடிப்பு.

கழுவும் தண்ணீரைச் சமையலறைத் தொட்டியில் கொட்டாதீர்கள். ஆரோக்கியமான ஆமையிலும் வயிற்றுப்போக்கையும் காய்ச்சலையும் தரும் சால்மொனெல்லா கிருமி இருக்கலாம். குழந்தைகளுக்கு இது பரவியதால்தான் அமெரிக்காவில் நாலு அங்குலத்துக்குக் குறைந்த ஆமைகளை விற்க 1975-இலேயே தடை போட்டார்கள். தொட்டால் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள். ஐந்து வயதுக்குக் கீழே உள்ள குழந்தை கையில் கொடுக்க வேண்டாம்.

நகம்

ஸ்லைடரின் முன்னங்கால் நகம் மட்டும் நீளமாக இருந்தால் ஆண். பெண்ணின் முகத்தெதிரே அதை ஆட்டித்தான் காதல் சொல்லும். வெட்டாதீர்கள்.

மருத்துவரிடம் போகும்போது

எல்லாக் கால்நடை மருத்துவருக்கும் ஆமை பழக்கமில்லை, போகும் முன் போனில் கேட்டுக்கொள்ளுங்கள். சென்னையில் வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. மற்ற ஊர்க்காரர்களுக்கும் பக்கத்துக் கால்நடைக் கல்லூரி நல்ல தொடக்கம். தொட்டியின் போட்டோ, விளக்கு டப்பாவின் போட்டோ, சாப்பாட்டுப் பாக்கெட், சமையல் தராசில் எடுத்த எடை, நேற்றைய மலம் இவற்றைக் கொண்டுபோங்கள்.

ஒன்றை மட்டும் மனப்பாடம் செய்துகொள்ளுங்கள்: ஐவர்மெக்டின். நாய்க்கும் மாட்டுக்கும் உண்ணிக்கும் புழுவுக்கும் சர்வசாதாரணமாகப் போடும் மருந்து. ஆமைக்கு விஷம், வாதம் வந்து சாகும். மருந்துச் சீட்டில் அந்தப் பெயர் இருந்தால் தயங்காமல், மரியாதையாகவே, "இது ஆமைக்கு ஆகாதுன்னு படிச்சேன், வேற இருக்கா டாக்டர்?" என்று கேளுங்கள். ஆமைக்கான குடற்புழு மருந்து வேறு உண்டு.

இனி வைத்துக்கொள்ள முடியவில்லை

வீடு மாறுகிறோம், வெளிநாடு போகிறோம், தொட்டிக்கு இடமில்லை. நியாயமான காரணங்கள்தான். ஆனால் கோயில் குளத்தில் விட்டுவிட்டுக் கன்னத்தில் போட்டுக்கொண்டு வருவதற்கு அது காரணமாகாது. ஸ்லைடர் உலகின் மோசமான 100 அந்நிய ஊடுருவல் உயிரினங்கள் பட்டியலில் இருக்கிறது. வெயில் காயும் கல்லையும் இரையையும் நம்மூர் ஆமைகளிடமிருந்து பறித்துக்கொள்ளும், நோயையும் பரப்பும். கேரளத்தில் திருச்சூர் பக்கத்துக் கால்வாய்களில் இது தென்பட்ட பிறகு, பீச்சியில் உள்ள வன ஆராய்ச்சி நிறுவனம் மக்களிடமிருந்து இவற்றைச் சேகரிக்கத் தொடங்கியது.

தெரிந்த வட்டத்தில் பெரிய தொட்டி உள்ளவரைத் தேடுங்கள், மாதக்கணக்கில் ஆகலாம். கொடுக்கும்போது தொட்டி, வடிகட்டி, விளக்கு மூன்றையும் சேர்த்தே கொடுங்கள். ஆமையை மட்டும் கொடுத்தால் அங்கே மறுபடி பிளாஸ்டிக் டப்பாதான். என்னிடம் அப்படி வந்தவை இரண்டு. ஒன்றின் ஓடு டப்பாவின் விளிம்புக்கேற்ப ஒரு பக்கம் தட்டையாகியிருக்கிறது. இப்போது 400 லிட்டர் தொட்டியில் இருக்கிறது. நீந்தும்போது இன்னமும் கொஞ்சம் இடப்பக்கமாகவே திரும்பும்.